உறையும் ஏரியில் பான்டூன் படகு: ஒரு டீ-ஐஸரோடு எண்பது நாள்

சென்ற குளிர்காலம் முழுக்க எங்கள் படகு தண்ணீரிலேயே கிடந்தது. டிசம்பர் 15-லிருந்து மார்ச் 5 வரை அதன் அடியில் ஒரு டீ-ஐஸர் தொங்கியது. அந்த எண்பது நாளில் பன்னிரண்டு நாள் எங்கள் குடா இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை வெள்ளையாக உறைந்திருந்தது. படகைச் சுற்றி மட்டும் கறுப்பாக ஒரு வட்டம். அதன் நடுவே, உலை கொதிப்பதுபோல அடியிலிருந்து புரண்டு வரும் தண்ணீர். முதல் தடவை அதைப் பார்த்தபோது கையுறையைக் கழற்றிவிட்டு அந்தத் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தேன். விரல் விறைத்துவிட்டது. அவ்வளவு குளிர்ந்த நீரே படகைக் காப்பாற்றப் போதுமானது என்பதுதான் இந்தக் கருவியின் சூட்சுமம்.

ஏரியின் பெயர் லேக் ஆஃப் தி ஓசார்க்ஸ். மிசௌரி மாநிலத்தில், ஓசேஜ் ஆற்றின் குறுக்கே மின் உற்பத்திக்காக 1931-ல் கட்டி முடித்த பேக்னல் அணையால் உண்டானது. பள்ளத்தாக்குகளுக்குள் எல்லாம் தண்ணீர் புகுந்ததால் பாம்புபோல் நெளிந்து நூற்றுக்கணக்கான குடாக்களாகப் பிரிந்து கிடக்கும். கரையின் நீளம் மட்டும் சுமார் 1,150 மைல். கரை நெடுக, படகு கட்டும் மிதக்கும் மேடைகளான டாக்குகள். செயின்ட் லூயிஸிலிருந்து காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். வடக்கே மின்னசோட்டாவில் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. அங்கே ஏரி கல்லாக இறுகும், பெரும்பாலானோர் அக்டோபரிலேயே படகை மேலே இழுத்துவிடுவார்கள். தெற்கே ஃபிளாரிடாவில் உறைவது என்ற பேச்சே கிடையாது. ஓசார்க்ஸ் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. நடு ஏரி உறைவது அபூர்வம், குடாக்கள் உறையும், நாலு நாளில் உருகும், மறுபடி உறையும். அதனால்தான் இங்கே ஒவ்வொரு நவம்பரிலும் படகு வைத்திருக்கிறவர்கள் எல்லாருக்கும் இந்தக் கேள்வி வருகிறது: இழுப்பதா, விடுவதா?

பான்டூன் படகைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு அல்லது மூன்று அலுமினியக் குழாய்கள், இரு முனையும் அடைத்தவை, ஒவ்வொன்றும் இரண்டடி விட்டம். அவற்றின் மேல் தட்டையான ஒரு தளம். தளத்தின் மேல் சோபா, கம்பி வேலி, வெயிலுக்கு ஒரு துணிப் பந்தல். பின்னால் ஒரு அவுட்போர்டு மோட்டார். ஒரு திண்ணையைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி. ஆம்ப்ரோஸ் வீர்ஸ் என்கிற மின்னசோட்டா விவசாயி 1950-களின் தொடக்கத்தில் இரும்பு உருளைகளின் மேல் மரத்தளம் அடித்து மிதக்கவிட்டதிலிருந்து வளர்ந்தது இது. எங்களுடையது 22 அடி, இரண்டு குழாய். நானும் கல்லூரிக் காலத்து நண்பனும் பங்கு போட்டு வாங்கியது.

“மச்சான், இழுத்து வெளிய போட்டுருவோம்டா. அந்த ஐஸோட நமக்கு என்ன வம்பு?” என்றான் அவன்.

அவன் பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் எங்களிடம் டிரெய்லர் இல்லை. ஆள் வைத்து இழுத்து, பிளாஸ்டிக் உறை சுற்றி, கொட்டகையில் ஐந்து மாதம் நிறுத்த எங்களுக்குச் சொன்ன கூலி 1,100 டாலர், வருடா வருடம். அரைக் குதிரைத்திறன் டீ-ஐஸரும் அதற்கான தெர்மோஸ்டாட்டும் சேர்ந்து 800 டாலருக்குள், ஒரே தடவை. தவிர, இங்கே பிப்ரவரி கடைசியில்கூட சில நாள் இருபது டிகிரி வெயில் அடிக்கும். அப்படி ஒரு நாளில் ஆளில்லாத ஏரியில் படகு விடுவதற்காகவே நான் விடாப்பிடியாக நின்றேன்.

கருவி வேலை செய்யும் விதம் புரிய வேண்டுமானால் ஒரு கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் கிணற்றில் குதித்தால் மேல் தண்ணீர் வெதுவெதுப்பு, முங்கி அடிக்குப் போகப் போகச் சில்லிட்டுவிடும். கனமான குளிர்ந்த நீர் கீழே தங்கும், லேசான சூடான நீர் மேலே மிதக்கும். உறையப் போகும் ஏரியில் இது தலைகீழ். தண்ணீரின் அடர்த்தி உச்சத்தில் இருப்பது 4 டிகிரி செல்சியஸில். அதற்கும் கீழே குளிர்ந்தால் அது மறுபடி லேசாகி மேலே வந்துவிடும். ஆகவே மேலே பூஜ்ஜியத்தில் ஐஸ் கட்டும்போது, அடியில் நாலு டிகிரித் தண்ணீர் கிடக்கும். டீ-ஐஸர் எதையும் சூடாக்குவதில்லை. அதற்குள் வெப்பக் கம்பி ஏதும் இல்லை. அடியில் இருக்கும் அந்த நாலு டிகிரியை மேலே தள்ளும் விசிறி, அவ்வளவுதான்.

பெட்டியைத் திறந்தால் கையில் வருவது முழங்கை நீளத்துக்கு ஒரு எஃகு உருளை. உள்ளே எண்ணெயில் மூழ்கிய மோட்டார். ஒரு முனையில் உள்ளங்கை அகல விசிறி, அதைச் சுற்றி கம்பிக் கூண்டு. விசிறித் தண்டின் நுனியில் ஒரு சிறிய உலோகக் கட்டி திருகப்பட்டிருக்கும். துருப்பிடிக்க வேண்டிய நேரத்தில் தண்டுக்குப் பதிலாகத் தானே கரைந்துபோவதற்காக வைத்தது. இரண்டு கயிறுகள், நீளமான மின்கம்பி. பார்க்கக் கிணற்று மோட்டாரின் தம்பிபோல இருந்தாலும் தண்ணீரை எங்கும் ஏற்றாது, இருக்கும் இடத்திலேயே புரட்டும். இந்த வகையில் சந்தையில் இருக்கும் கருவிகள் எல்லாமே ஏறத்தாழ இதே அமைப்புதான். நான் சொல்வது அநேகமாக எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

மாட்டுவது எளிது. டாக்கின் இரண்டு கைகளிலும் கயிற்றைக் கட்டி, படகின் பின்பாதிக்கு அடியில், நாலரை அடி ஆழத்தில், விசிறி மேல்நோக்க ஊஞ்சல்போலத் தொங்கவிட வேண்டும். கயிற்றில் ஒன்றைக் கொஞ்சம் தூக்கிக் கட்டினால் கருவி சாயும், நீர் படகின் நீளவாக்கில் ஓடும். இந்தச் சாய்வைச் சரிசெய்ய ஒரு பிற்பகல் முழுவதும் போனது. நேர் மேலாகத் திருப்பினால் ஒரே இடத்தில் மட்டும் பொங்கியது. அதிகம் சாய்த்தால் முழு வேகமும் பக்கத்து டாக்குக்குப் போனது. மேற்பரப்பில் உலர்ந்த இலைகளைப் போட்டு, அவை எங்கே ஓடுகின்றன என்று பார்த்துப் பார்த்துத்தான் சரியான கோணம் பிடிபட்டது. வாங்குகிறவர்களுக்கு இந்த இலை வழியைச் சிபாரிசு செய்கிறேன்.

வேலையில் குறை சொல்ல முடியாது. மைனஸ் 5 டிகிரியில் படகையும் தாண்டி இரு புறமும் இரண்டு மூன்று அடி திறந்த நீர். மைனஸ் 17 வரை போன இரண்டு இரவுகளில் வட்டம் சுருங்கி, குழாய்களின் முன்மூக்குகள் மட்டும் காகிதம்போல் மெல்லிய ஐஸுக்குள் போயின. பின்பக்கம், மோட்டாரைச் சுற்றி, ஒரு சில்லுகூட இல்லை. சத்தமும் தொந்தரவு இல்லை. டாக்கில் நின்றால் காலில் லேசான அதிர்வு தெரியும், அவ்வளவே.

தெர்மோஸ்டாட் கூடுதல் செலவு என்று விற்பனைக்காரர்களே சில நேரம் அதை விட்டுவிடச் சொல்வார்கள். விடாதீர்கள். மின்கட்டணத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. எண்பது நாள் என்றால் 1,920 மணி நேரம். எங்கள் கருவி ஓடியது 610 மணி நேரம். அரைக் கிலோவாட் கணக்கில் 305 யூனிட், எங்கள் கட்டணத்தில் 40 டாலர். இடைவிடாமல் ஓடியிருந்தால் 125 டாலர் ஆகியிருக்கும். இதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று. அடியில் இருக்கும் அந்த நாலு டிகிரிதான் நம் கையிருப்பு. தேவையில்லாத நேரத்தில் ஓட்டினால் அந்த நீரை மேலே கொண்டுவந்து குளிர்காற்றில் காட்டி, இருந்த சூட்டையும் காற்றுக்குக் கொடுத்துவிடுவோம். சிறிய, ஆழமில்லாத குடாவில் அப்படி இரண்டு வாரம் ஓட்டினால், நிஜமான குளிர் வரும் இரவில் அடியிலும் பூஜ்ஜியத்தை ஒட்டிய நீர்தான் மிஞ்சும். விசிறி சுற்றும், பலன் பாதிதான் இருக்கும். நாங்கள் காற்று மைனஸ் 2-க்கு இறங்கினால் மட்டும் ஓடும்படி வைத்திருந்தோம்.

பிப்ரவரியில் ஒரு நாள் அந்தக் கறுப்பு வட்டம் பழுப்பாக இருந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் சேறு. இந்த ஏரியின் நிர்வாகம் மின் நிறுவனத்திடம் இருக்கிறது. முழுக் கொள்ளளவில் கடல்மட்டத்திலிருந்து 660 அடி உயரத்தில் நிற்கும் நீரை, வசந்த மழைக்கு இடம் விடுவதற்காகக் குளிர்கால முடிவுக்குள் வழக்கமாக ஐந்தாறு அடி இறக்குவார்கள். டாக் மிதப்பதால் நீரோடு அதுவும் இறங்கும். டாக்கில் கட்டிய படகும் இறங்கும். கருவியும் இறங்கும். கயிற்றின் நீளத்தில் எந்த மாற்றமும் தெரியாது. ஆனால் அடித்தரை நகராமல் அங்கேயே இருக்கிறது. கோடையில் பதினோரு அடி ஆழம் இருந்த எங்கள் இடத்தில் அன்று அளந்தால் ஆறு. நாலரை அடியில் தொங்கிய விசிறி தரைக்கு ஒன்றரை அடி மேலே நின்று சேற்றைக் கிளறியிருக்கிறது. மேலே தூக்கினேன். கம்பிக் கூண்டு முழுக்க ஓக் இலை, சாக்கு ஒட்டியதுபோல. மோட்டார் கையில் சுட்டது. இலையைப் பிடுங்கிப் போட்டு, கயிற்றை மூன்றடியாகக் குறைத்து, கருவியை ஏறத்தாழ கிடையாகப் படுக்கவைத்தேன். வாங்குவதற்கு முன் உங்கள் இடத்தின் ஆழத்தை ஜூலையில் அளக்காதீர்கள், பிப்ரவரி மட்டத்துக்குக் கணக்குப் போடுங்கள். குடாவின் கடைக்கோடியில் இருப்பவர்களுக்குத் தண்ணீரே வடிந்து படகு சேற்றில் உட்கார்ந்துவிடவும் கூடும். அவர்களுக்கு எந்தக் கருவியாலும் பயன் இல்லை.

மாற்று ஒன்று உண்டு: பப்ளர். கரையில் காற்று அமுக்கி, அடித்தரையில் துளையிட்ட குழாய், குமிழிகள் நீரை மேலே இழுத்து வரும். தண்ணீருக்குள் மின்சாரமே போகாது என்பது அதன் பெரிய பலம். குளிர் முற்றும்போது விசிறி அளவுக்கு அகலமாகத் திறக்காது என்பது பலவீனம். குழந்தைகள் குளிர்காலத்திலும் டாக்கில் ஓடியாடும் இடமாக இருந்திருந்தால் யோசிக்காமல் பப்ளர்தான் வாங்கியிருப்பேன்.

அந்த மின்சாரப் பேச்சுக்கு வருகிறேன். ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு உறைமழை. விழும்போது தண்ணீர், பட்ட இடத்தில் ஐஸ். ஞாயிறு காலை அந்த டாக்கில் இருக்கும் பெரியவர் ஒருவர் படம் அனுப்பினார். எங்கள் வட்டம் இல்லை. மூன்று மணி நேரம் ஓட்டிப் போய்ச் சேர்ந்தோம். நான் இணைத்திருந்த நீட்டிப்புக் கம்பியின் இணைப்பு, டாக் பலகையில் நனைந்து கிடந்தது. கசிவைக் கண்ட ஜி.எஃப்.சி.ஐ. ட்ரிப் ஆகியிருந்தது. நம் ஊர் வீடுகளில் ஈ.எல்.சி.பி. செய்கிற அதே வேலை. அது தன் கடமையைச் சரியாகச் செய்திருக்கிறது. இணைப்பைத் தரையில் விட்டது என் பிழை. படகைச் சுற்றி இரண்டு விரல் தடிமனுக்கு ஐஸ். நண்பன் சுத்தியலைத் தேடினான். வேண்டாம் என்று பெரியவர் கையைப் பிடித்துவிட்டார். ஐஸை ஓங்கி அடித்தால் ஈரமான டாக்கில் கால் வழுக்கும், குறி தவறினால் அலுமினியத்தில் விழும். இணைப்பைத் துடைத்துக் காயவைத்து, உயரத்தில் கட்டி, கருவியைப் போட்டுவிட்டுக் காரில் உட்கார்ந்திருந்தோம். நாற்பது நிமிடத்தில் ஐஸின் நிறம் நடுவில் கறுத்தது. ஐந்து மணி நேரத்தில் படகு தானாக அசைந்தது.

ஜி.எஃப்.சி.ஐ. ட்ரிப் ஆனால் கருவி தானாக மீண்டும் ஓடாது, யாருக்கும் சொல்லவும் சொல்லாது. மின்சாரம் போனால் ஃபோனுக்குச் செய்தி அனுப்பும் சிறிய கருவியை மறுநாளே வாங்கினேன். ஆனால் ட்ரிப் ஆகிறதே என்று ஜி.எஃப்.சி.ஐ.-யைக் கழற்றும் ஆட்கள் சில டாக்குகளில் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நன்னீரில் மின்கசிவு கடல்நீரை விட ஆபத்தானது. உப்புநீர் மனித உடலை விட நன்றாக மின்சாரத்தைக் கடத்துவதால் மின்னோட்டம் ஆளைச் சுற்றிப் போய்விடும். நன்னீரில் உடம்புதான் நல்ல கடத்தி, மின்னோட்டம் அதன் வழியே பாயும். தசை இயங்காமல் போய், நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் மூழ்கியிருக்கிறார்கள். கருவி தண்ணீரில் இருக்கும்வரை அந்த டாக்கில் யாரும் நீரில் இறங்கக் கூடாது.

இனி, டீ-ஐஸர் செய்ய முடியாதவை. இவை தெரியாமல் கருவியை மட்டும் நம்பினால் வசந்தத்தில் அழ வேண்டியிருக்கும். வெளியே இருக்கும் ஐஸை விட, படகுக்கு உள்ளே மாட்டிய தண்ணீர்தான் கொடியது. உறையும் நீர் கொள்ளளவில் ஒன்பது சதவீதம் விரிகிறது. குழாயின் வெல்டிங்கில் ஊசித் துளை இருந்து உள்ளே நீர் சேர்ந்திருந்தால், அது உறைந்து தையலைப் பிளக்கும். டிசம்பர் தொடக்கத்தில் டாக்கில் நின்று படகு ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு குழாயும் சமமாக மிதக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் பேச்சே வேண்டாம், இழுத்துவிடுங்கள்.

அவுட்போர்டு மோட்டாரில் இன்னொரு சிக்கல். தூக்கி வைத்தால் விசிறியின் நடுக்கூட்டில் மழைநீர் தேங்கி உறையும். இறக்கி வைத்தால் மேல்பாகத்தின் குளிர்விப்பு நீர் முழுக்க வடிந்துவிடும், நல்லது. ஆனால் கீழ்ப்பாகம் ஏரிக்குள் இருக்கும், ஏரி உறைந்தால் அதுவும் உறையும். படகை நீரில் விடுகிறவர்களுக்கு டீ-ஐஸரின் முதல் பயனே இங்கேதான் இருக்கிறது. மோட்டாரை முழுக்க இறக்கிவைத்து, அதைச் சுற்றி நீர் உறையாமல் பார்த்துக்கொள்வது. அதனால்தான் கருவியைப் படகின் நடுவில் தொங்கவிடாமல் பின்பாதியில் தொங்கவிட்டேன். அதற்கு முன் கியர் ஆயிலை மாற்றியாக வேண்டும். வடியும் எண்ணெய் மோர்போல வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது, சீல் போய்விட்டது என்று பொருள். அப்படியே விட்டால் அந்த நீர் உறைந்து கியர் பெட்டியையே வெடிக்கவைக்கும். எங்களுடையது தேன் நிறத்தில் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் நண்பன் முழுச் சம்மதம் சொன்னான்.

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். முழு சார்ஜில் இருக்கும் ஈய பேட்டரி மிசௌரிக் குளிரில் உறையாது, தீர்ந்துபோனது உறையும். படகிலேயே வைத்து டாக் மின்சாரத்தில் சார்ஜரை மாட்டினால், எர்த் கம்பி வழியே உங்கள் அலுமினியக் குழாயும் டாக்கின் எஃகும் ஒன்றோடொன்று இணைந்து, ஏரியே ஒரு பேட்டரியாகி, அலுமினியம் அரிபடும். பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் தொட்டியை நிரப்பி ஸ்டெபிலைசர் ஊற்றுவது அவசியம். காப்பீட்டுப் பத்திரத்தில் ஐஸ் சேதம் விலக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், பலவற்றில் விலக்கியிருப்பார்கள்.

பனி இன்னொன்று. எங்கள் டாக்குக்குக் கூரை இல்லை. பதினாறு சதுர மீட்டர் தளத்தில் ஒரு சாண் உயரத்துக்கு ஈரப்பனி விழுந்தால் அரை டன்னுக்குக் குறையாது. படகின் மேல் போட்ட உறை தொய்ந்த இடத்தில் அது ஒரே பக்கமாகச் சரியும். அந்தக் குளிர்காலத்தில் நான் ஏழு தடவை போனேன். அதில் மூன்று, மென்மையான துடைப்பத்தால் பனி தள்ளுவதற்காக மட்டும்.

ஆகவே வாங்கலாமா? மட்டம் இறங்கிய பிறகும் ஆறடி ஆழம் இருந்து, டாக்கில் ஒழுங்கான மின் இணைப்பும் இருந்து, வாரம் ஒரு தடவை படகை எட்டிப் பார்க்க நீங்களோ நம்பகமான ஒருவரோ இருந்தால், வாங்கலாம். கொடுத்த காசுக்கு நிச்சயம் உழைக்கிறது. ஐந்து மாதம் எட்டிப் பார்க்க முடியாதவர்கள் அந்த 1,100 டாலரைக் கொடுத்து இழுத்துவிடுவதே சரி. எங்களுக்குப் பெரியவர் இருந்தார். அவர் மட்டும் படம் அனுப்பாமல் இருந்திருந்தால் இந்த விமர்சனம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

மார்ச் 5 அன்று மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கருவியை மேலே தூக்கினோம். விசிறித் தண்டின் நுனியில் இருந்த உலோகக் கட்டி கால்வாசி கரைந்து, சப்பிய புளிப்பு மிட்டாய்போல இருந்தது. அடுத்த பருவத்துக்கும் தாங்கும். எண்ணெய்க் கசிவு இல்லை. நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்தேன். நண்பன் பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினான். இரண்டாவது முயற்சியில் மோட்டார் பிடித்தது. குடாவின் வாயில் நிழல் விழும் மூலையில் மட்டும் இன்னும் கொஞ்சம் ஐஸ் மிச்சம் இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு நடு ஏரிக்குப் போனோம்.